தகட்டின் உட்புறம்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடை. அங்கே முப்பத்தோரு வயதில் ஒரு மாஸ்டர் இருந்தாள். அவளுக்கு நாற்பத்தேழு வயதில் ஒரு சீடர்.

மாஸ்டரின் பெயர் ஜெசிந்தா. உதிரிகளைத் தேர்ந்து வாங்கி, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருகிறவள். தெருவில் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான்.

சீடர் வேதாசலம். ஒரு நிதி நிறுவனத்தில் அரை ஆயுள் கையெழுத்துப் போட்டவர். ‘கம்பெனிக்காக’ என்ற சொல்லுக்குக் கீழே போட்ட கையெழுத்துகள். ஒருநாள் அந்தக் கிளையை மூடினார்கள். மூடிய ஷட்டரை வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் அவர் இந்தத் தெருவுக்கு வந்தார். ஏன் வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் தகடு. தகட்டை மூடித் திருகாணி முடுக்குவதற்கு முன், அசெம்பிள் செய்தவர் அதன் உட்புறத்தில் மார்க்கரால் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதவேண்டும். எழுதுவது கடையின் பெயரை அல்ல, சொந்தப் பெயரை. வாங்குகிறவர் கண்ணில் அது படாது. என்றைக்காவது பெட்டி பழுதாகி யாராவது திறந்தால்தான் தெரியும்.

வேதாசலம் வந்த நாளிலிருந்து எல்லாத் தகடுகளிலும் ஜெசிந்தா என்றே எழுதியிருந்தது. அவர் தகட்டைப் பிடித்துக்கொள்வார். அவள் எழுதுவாள்.

ஒரு திங்கட்கிழமை யோகேஷ் படியேறி வந்தான். கூரியர் கிடங்கில் மூட்டை ஏற்றும் பையன். விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். நெடுநாள் சேர்த்து வைத்திருந்தான்.

ஜெசிந்தா வேதாசலத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, இந்த மெஷின் உங்களுது. பார்ட்ஸ் பார்க்கிறதுல இருந்து பேர் எழுதற வரைக்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“பேரும் நானா மாஸ்டர்?”

“பின்ன, பக்கத்துக் கடைக்காரரா?”

வேதாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர் போல வேட்டியைச் சரிசெய்தார். அவர் அணிந்திருந்தது பேண்ட் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“என்ன கேம் ஆடுவீங்க தம்பி?”

“சுடற கேம் சார். அஞ்சு பேர் டீம். இவ்வளவு நாள் கேம் சென்டர்ல மணிக்கணக்குல காசு குடுத்து ஆடினேன். ஞாயித்துக்கிழமை ஒரு போட்டி. சொந்த மெஷின் இருந்தாத்தான் டீம்ல வெச்சுக்குவேன்னு கேப்டன் சொல்லிட்டான்.”

“கேப்டன் யாரு?”

“நாங்க ஒண்ணா மூட்டை தூக்கறோம் சார்.”

பிராசஸரில் சிக்கல் இல்லை. போர்டில் சிக்கல் இல்லை. ராம் இரண்டு துண்டாகப் போடவேண்டும் என்று வேதாசலம் சொன்னதற்கு அவன் தலையாட்டினான். கிராபிக்ஸ் கார்டில்தான் நின்றார்கள். படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவது அதுதான். யோகேஷின் கண் பெரிய கார்டின் மேல் இருந்தது. மூன்று மின்விசிறி வைத்த கார்டு. அதை வாங்கினால் கையில் இருப்பது போதாது.

வேதாசலம் திரும்பினார்.

“மாஸ்டர், காசு போதலைன்னா எதைக் குறைக்கணும்?”

ஜெசிந்தா ஒரு பழைய விசிறியிலிருந்து தூசியைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

யோகேஷ் சொன்னான்: “அந்தக் கரண்டு டப்பாவைக் குறைங்க சார். கேபினெட்டோடயே ஒண்ணு சும்மா வருதே.”

அவன் சொன்னது எஸ்எம்பிஎஸ்ஸை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி ஒவ்வோர் உதிரிக்கும் அளந்து கொடுக்கும் பெட்டி. வேதாசலம் இரண்டையும் இரண்டு கைகளில் எடுத்துப் பார்த்தார். தனியாக வாங்கும் பெட்டி கையை இழுத்தது. சும்மா வந்தது காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

“இது ரொம்ப லேசா இருக்கே தம்பி.”

“அது யார் கண்ணுக்கு சார் தெரியப்போவுது? உள்ளதானே கெடக்கும்? என் கூட்டாளி ஒருத்தன் ஒரு வருஷமா ஓட்டறான், ஒண்ணும் ஆவலை.”

வேதாசலம் மறுபடி மாஸ்டரைப் பார்த்தார். பிரஷ்ஷின் சத்தம் மட்டும் வந்தது.

“சரி. பெரிய கார்டே போட்டுடலாம்,” என்றார்.

பிரஷ் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் மெஷினை உயிரேற்றிவிட வேண்டும் என்று யோகேஷின் அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தில் குங்குமமும் கொடுத்திருந்தாள். அவன் கிடங்கில் லீவு சொல்லிவிட்டு மதியமே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் வேதாசலத்தின் விரல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேதாசலம் கவனமாகச் செய்தார். வியர்வை போர்டில் சொட்டிவிடக்கூடாது என்று நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தார். ஒயர்களைத் தகட்டுப் பக்கமாக இழுத்து, பின்னல் போலச் சேர்த்துப் பிளாஸ்டிக் நாடாவால் கட்டினார்.

“சார், நேரம்.”

“தெரியுது தம்பி.”

“கல்யாணத்துக்கு ஜடை பின்ற மாதிரி பின்றீங்களே.”

“பேசாம இருங்க. ஒயர் நழுவுது.”

இரண்டரைக்கு பட்டனை அழுத்தினார். விசிறிகள் சுழன்றன. திரையில் வெளிச்சம் வந்தது. யோகேஷ் எழுந்து நின்றுவிட்டான். கனமான ஒரு கேமை ஓடவிட்டார்கள். மழை பெய்யும் ஒரு நகரம். ஒவ்வொரு துளியும் தரையில் விழுந்து உடைவது தெரிந்தது. எங்கும் தடங்கல் இல்லை.

“பட்டர் சார்! பட்டர் மாதிரி போவுது!”

வேதாசலம் சிரித்தார். அவருக்கே தெரியாமல் அவருடைய கை பெட்டியின் கீழ்ப்பகுதிக்குப் போய், எஸ்எம்பிஎஸ் இருக்கும் இடத்தில் படிந்தது. சூடு இருந்தது. கை வைக்க முடியாத சூடு இல்லை. உள்ளே மெல்லிய ஒரு ரீங்காரம். தூரத்தில் யாரோ அழுகையை அடக்குவது போல.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஜெசிந்தா மேஜைக்கு வந்தாள். மார்க்கரை நீட்டினாள்.

வேதாசலம் தகட்டை மடியில் வைத்துக்கொண்டார். மார்க்கரின் மூடியைக் கழற்றினார். ‘வே’ என்று எழுதினார். அங்கே நின்றுவிட்டது.

“எழுதுங்க சார். இன்னும் குங்குமம் வெக்கணும், கட்டணும், ஆட்டோ பிடிக்கணும்.”

“தம்பி, இதை வீட்ல எங்க வைப்பீங்க?”

“வீடுன்னா ஒரே ரூம்தான் சார். பிளக் பாயின்ட் ஒண்ணுதான். அம்மா நேத்தே கட்டிலைத் திருப்பிப் போட்டுட்டாங்க. அவங்க தலைமாட்டுலதான் வரும்.”

“ஹாஸ்டல் மெஸ்ல சமைக்கிறாங்கன்னு சொன்னீங்களே, அவங்கதானே?”

“ஆமா சார். வந்து படுத்தாங்கன்னா இடி விழுந்தாலும் தெரியாது. நான் ஆடிட்டே இருந்தாலும் தூங்குவாங்க.”

மார்க்கர் ‘வே’க்குப் பக்கத்தில் காற்றில் நின்றது. அதன் நுனி தகட்டைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தது. புள்ளி மெல்லப் பெரிதாகியது.

வேதாசலம் தகட்டைக் கீழே வைத்தார்.

“எனக்கு எழுத வரலை தம்பி.”

“என்ன சார் எழுத வரலை?”

“இந்த டப்பா வேணாம். வேற போட்டுத் தரேன். கார்டைச் சின்னதாக்கணும். அப்பத்தான் உங்க காசுக்குள்ள வரும்.”

யோகேஷுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

“நேத்து நீங்கதானே சரின்னீங்க?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

“இப்ப ஓடுதுல்ல?”

“ஓடுது.”

“அப்புறம் என்னாத்துக்கு சார் கழட்டணும்? பேர்தான் பிரச்சனைன்னா எழுதாதீங்க. நான் கேட்டேனா? பேர் இல்லாமயே குடுங்க, எடுத்துட்டுப் போறேன்.”

வேதாசலம் மாஸ்டரைப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் போய், கீழே தெருவில் ஒருவன் மானிட்டர் அட்டைப்பெட்டிகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் இல்லாமல் கொடுத்துவிடலாம். இத்தனை வருஷம் அப்படித்தானே கொடுத்தார். கீழே கையெழுத்து, மேலே ‘கம்பெனிக்காக’.

“தம்பி, இது எரிஞ்சாலும் எரியும், எரியாமலும் பல வருஷம் ஓடும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒண்ணை உங்க அம்மா தலைமாட்டுல வெக்க மாட்டேன்.”

“கீழ்க்கடையில இந்தக் கதையெல்லாம் பேச மாட்டாங்க சார். பணத்தைக் குடுங்க, நான் அங்க போறேன்.”

“போறதுன்னா போங்க. இதோ பணம்.”

வேதாசலம் இழுப்பறையைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினார். அவருடைய முதல் மெஷின். மேஜைமேல் திரையில் மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.

யோகேஷ் பணத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினான். நடுப்படியில் காலடிச் சத்தம் நின்றது. கடைக் கடிகாரம் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்து, பிறகு அதுவும் ஓய்ந்தது. படியிலிருந்து அவன் குரல் வந்தது.

“சின்ன கார்டுல என்ன குறையும்?”

வேதாசலம் படி முனைக்குப் போனார். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“மழை இந்த மாதிரி தெரியாது. கலங்கலா இருக்கும், கண்ணாடி மாதிரி மின்னாது. நிழல் கொஞ்சம் மொட்டையா இருக்கும்.”

“சுடறது?”

“நீங்க குறி வெச்ச இடத்துலதான் படும்.”

“பசங்க பார்த்தா சிரிப்பானுங்க.”

“சிரிக்கலாம். சிரிக்க மாட்டாங்கன்னு நான் சொல்ல முடியாது.”

யோகேஷ் முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்தான். எழுந்து வந்து பணத்தை மேஜைமேல் வைத்தான். வைத்தான் என்பதைவிட எறிந்தான் என்றே சொல்லவேண்டும்.

“கழட்டுங்க.”

வேதாசலம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. அவன் பதறினான்.

“ராகுகாலம் வந்துடுச்சே சார். இப்பக் கழட்டலாமா?”

“ஆரம்பிக்கிறதுக்குத்தான் தம்பி ராகுகாலம். கழட்டறதுக்குக் கிடையாது.”

ஜன்னலோரம் ஒரு சிறு சத்தம் கேட்டது. மாஸ்டர் சிரித்தாளா, இருமினாளா என்று தெரியவில்லை.

மதியம் கட்டிய நாடாக்களை வேதாசலம் ஒவ்வொன்றாக வெட்டினார். லேசான பெட்டியைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்தார். கனமானதை உட்கார வைத்தார். பெரிய கார்டை எடுத்து அதன் உறைக்குள் திருப்பிப் போட்டபோது யோகேஷ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். சின்ன கார்டு பொருந்திய இடம் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது, பல் விழுந்த வாய் போல. ஒயர்களை மறுபடி பின்னினார். இந்த முறை ஒயர் நழுவவில்லை. யோகேஷும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்பட்டும் பயனில்லை. ராகுகாலம் முடியவேண்டுமே.

நான்கரைக்கு மேல் பட்டனை அழுத்தினார். மழை வந்தது. மங்கலான மழை. யோகேஷ் வெகுநேரம் பார்த்தான்.

“மழைதான்னு தெரியுது,” என்றான் கடைசியில்.

வேதாசலம் தகட்டை எடுத்தார். ‘வே’ காய்ந்து கிடந்தது, பக்கத்தில் ஊறிப்போன புள்ளியோடு. அதைத் துடைக்காமல், புள்ளியைத் தாண்டி ‘தாசலம்’ என்று சேர்த்து எழுதினார். கீழே நம்பரை எழுதினார். தகட்டை மூடித் திருகினார்.

யோகேஷ் பொட்டலத்தைப் பிரித்துப் பெட்டியின் நெற்றியில் குங்குமம் வைத்தான். அட்டைப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். மூட்டை தூக்கிப் பழகிய தோள். படியில் இறங்கப் போனவன் திரும்பினான்.

“நம்பர் எழுதியிருக்கீங்கல்ல?”

“எழுதியிருக்கேன்.”

“கூப்பிட்டா எடுப்பீங்கல்ல?”

“எடுப்பேன் தம்பி.”

அவன் நன்றி சொல்லவில்லை. காலடிச் சத்தம் படியில் இறங்கித் தெருச் சத்தத்தோடு கலந்துவிட்டது.

வேதாசலம் மூடாத மார்க்கரைக் கையில் வைத்தபடி மேஜையோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் வெட்டிப்போட்ட நாடாக்களை ஜெசிந்தா கையால் கூட்டி அள்ளினாள். அவராகத்தான் ஆரம்பித்தார்.

“மாஸ்டர், நேத்து ஒரு கேள்வி கேட்டேன்.”

“எந்தக் கேள்வி?”

“காசு போதலைன்னா எதைக் குறைக்கணும்னு. நீங்க பதில் சொல்லலை.”

ஜெசிந்தா நிமிர்ந்து அவருடைய கையைப் பார்த்தாள்.

“மார்க்கரை மூடுங்க அண்ணே, மை காயுது. நாளைக்கும் நீங்கதான் எழுதணும்.”