நயினார் காத்திருந்த விதம்

அந்தக் குரு சீடரைவிட ஐந்து வயது இளையவர். அதனால் சீடரை அவர் அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சீடர் குருவைச் சாமி என்பார். கேட்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கலாம். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

சாமி இருந்தது தென்காசியிலிருந்து மேக்கரை போகும் வழியில், ஒரு நெல் களத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. யாராவது கேள்வி கேட்டால் சட்டியைக் கழுவிக்கொண்டே பதில் சொல்வார். சில சமயம் பதிலுக்குப் பதில் கேள்வி கேட்டவர் கையில் சட்டியைக் கொடுத்துவிடுவார்.

சீடர் நயினாருக்குத் தென்காசியில் மூக்குக் கண்ணாடிக் கடை. மாதம் ஒருமுறை ஒரு கேள்வியோடு சாமியைப் பார்க்க வருவார். கேள்வி ஒன்றும் கிடைக்காத மாதம் வாழைப்பழத்தோடு வருவார்.

அன்றைக்குக் கேள்வியோடுதான் வந்தார். அவர் சைக்கிளை விட்ட விதத்திலேயே சாமிக்கு அது தெரிந்துவிட்டது. வழக்கமாக நிழல் பார்த்து நிறுத்தி, துண்டால் துடைத்துவிட்டு வருகிறவர், அன்று அதை வெயிலில் அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"சாமி, செண்பகம் இனிமே என்கூடச் சைக்கிள்ல வரமாட்டாளாம்."

சாமி கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

இது எவ்வளவு பெரிய சேதி என்று தெரிய வேண்டுமானால் அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நயினாருக்கும் அவர் மனைவி செண்பகத்துக்கும் கல்யாணமாகி வெகுநாள் வரை பேசிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. அவருக்குக் கடை, அவளுக்குத் தபால் ஆபீஸ். இருவரும் நல்லவர்கள், அவ்வளவுதான். ஒரு வருடம் மகள் பள்ளிக்கூடம் போகச் சைக்கிள் கேட்டாள். வாங்கப் போன இடத்தில், சும்மா நிற்பானேன் என்று இவர்களும் ஆளுக்கொன்றை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று சைக்கிள்களோடு வீடு திரும்பினார்கள். மகள் சீக்கிரமே ஸ்கூட்டருக்கு மாறிவிட்டாள். பெற்றவர்கள் மாறவில்லை.

அதற்குப் பிறகு வீடே சைக்கிள் சொன்னபடி நடந்தது. கூடத்தில் சோபா கிடந்த இடத்தில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் மண்டபம் எந்த ஊர் என்று பார்ப்பார்கள். சைக்கிளில் போய்வரக்கூடிய ஊர் என்றால் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகிவிடும். செண்பகம் பட்டுப்புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் மண்டபத்தில் மாற்றிக்கொள்வாள். சண்டை வந்தால் அன்றே பேசி முடித்தாக வேண்டும், விடிந்தால் சேர்ந்து கிளம்ப வேண்டுமே. காலையில் கண் விழித்ததும் நயினார் காப்பி கேட்கமாட்டார். "காத்து எங்கிருந்து?" என்று கேட்பார். செண்பகம் கொடியில் கிடக்கும் துணியைப் பார்த்து, "மேக்க இருந்து," என்பாள். சொந்தக்காரர்கள் இவர்கள் இருவருக்கும் மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது இவர்கள் காதிலும் விழுந்தது. எந்தப் பக்கத்து மறை, போய் முடுக்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்கள். சந்தோஷமான வீடு அது. நான் போய்ப் பாயில் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏன் வரமாட்டாங்களாம்?" என்று சாமி கேட்டார்.

"நான் காத்திருக்கேன்லா, அதான் கோவமாம்."

"புரியலையே அண்ணாச்சி."

"எனக்கு மட்டும் புரியுதா? ஏத்தம் வந்தா நான் கொஞ்சம் வேகமாப் போயிருவேன் சாமி. கால் சொன்ன பேச்சு கேக்காது. ஆனா விட்டுட்டுப் போகமாட்டேன். மேல போயி நிப்பேன். அவ வாரது வரைக்கும் நிப்பேன். சாரல்ல நனைஞ்சுக்கிட்டு நின்னுருக்கேன். போன ஞாயித்துக்கிழமை அணைக்கட்டு ஏத்தத்துல வந்து சேந்தா. 'இனிமே நீங்க எனக்காகக் காத்திருக்க வேண்டாம்'னா. பொறவு என்ன செய்யன்னு கேட்டேன். 'நீங்க தனியாப் போங்க, நான் தனியாப் போறேன்'னுட்டா."

"இந்த வாரம் பேசலையா?"

"பேசுதா. சாம்பாருக்கு உப்பு போதுமான்னு கேக்கா. காத்து எங்கிருந்துன்னு கேட்டா மட்டும் தெரியாதுங்கா."

சாமி அடுத்த சட்டியை எடுத்தார்.

"செவ்வாக்கிழமை தனியாப் போயிப் பாத்தேன் சாமி. ஏத்தத்துல ஏறி, பழக்கத்துல நின்னுட்டேன். வாரவன் போறவனையெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கேன். யாரும் வரப்போறதில்லன்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைச்சுது."

இதைச் சொல்லும்போது நயினார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மகளைக் கட்டிக்கொடுக்கும் வயது. அதையெல்லாம் அவர் அப்போது பார்க்கவில்லை.

"காத்திருக்கது தப்பா சாமி?"

சாமி களத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."

"அதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை மதினியையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேருமாச் சொல்லிக் குடுங்க."

நயினார் இதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளவில்லை. யாராக இருந்தாலும் எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள். சாமிக்கு உண்மையிலேயே சைக்கிள் தெரியாதா என்று நானும் பிறகு விசாரித்தேன். தெரியாதுதான்.

செண்பகம் உடனே சம்மதித்தாள்.

"சாமிக்காக வாரேன். உங்களுக்காக இல்ல."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே சாலையில், தனித்தனியாக வந்தார்கள். செண்பகம்தான் முதலில் வந்தாள். அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டாள்.

களத்தில் அன்று நெல் காயவில்லை. சாமி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். செண்பகம் தன் சைக்கிளின் சீட்டை இறக்கிக் கொடுத்தாள். சாமி ஏறி உட்கார்ந்தார். ஹேண்டில்பாரின் இடது பக்கத்தை நயினார் பிடித்துக்கொண்டார், வலது பக்கத்தைச் செண்பகம்.

"கீழ பாக்காதிய சாமி. தூரத்துல பாருங்க," என்றாள் செண்பகம்.

"தூரத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. மிதிங்க."

மூவரும் கிளம்பினார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் நயினார் வேகம் எடுத்துவிட்டார். அவருக்கு அது தெரியவே தெரியாது. இடது பக்கம் முன்னால் போனது, வலது பக்கம் பின்னால் நின்றது, முன்சக்கரம் குறுக்கே திரும்பியது, சாமி இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"அடிபட்டுட்டா சாமி?"

"இல்ல. தரை பக்கத்துலதான இருந்துச்சு."

மறுபடி ஏற்றினார்கள். மறுபடி இறங்கினார். நயினாருக்குச் சாமி மேல்தான் குறை தெரிந்தது.

"ஒடம்பை விறைக்காதிய சாமி. அதான் விழுதிய."

அடுத்த தடவை சாமி உடம்பை விறைக்காமல் விழுந்தார்.

"நீங்க இழுக்கிய," என்றாள் செண்பகம் கணவரிடம்.

"நான் எங்க இழுக்கேன்? நீ பிந்துத."

சாமி முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, நீங்க பிடிக்க வேண்டாம். முன்னால போயி அந்தக் கரண்டுக் கம்பத்துக்கிட்ட நில்லுங்க. உங்களைப் பாத்துக்கிட்டே வாரேன். மதினி மட்டும் பிடிக்கட்டும்."

நயினாருக்கு இது பிடித்திருந்தது. ஒரே ஓட்டமாக ஓடிப்போய்க் கம்பத்தடியில் நின்றுகொண்டார். செண்பகம் ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் பிடித்துச் சாமியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாமி ஒல்லியான ஆள் இல்லை. ஆனாலும் விழாமல் வந்து சேர்ந்தார்கள். நயினார் கைதட்டினார்.

"அருமையா வந்திய சாமி. சரி, போலாமா? இனி அந்தக் கோடிக்கு."

சொல்லிக்கொண்டே ஓடத் தொடங்கிவிட்டார். மறுகோடியில் நின்று கையை ஆட்டினார். செண்பகம் மறுபடி தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்ததும் நயினார், "ஆங், போலாமா?" என்றார்.

சாமி காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இங்க நின்னு எவ்வளவு நேரமாச்சு?"

"ஆச்சு கொஞ்ச நேரம்."

"மூச்சு வாங்குதா?"

"எனக்கா? அது அப்பவே நின்னுட்டு. தண்ணிகூடக் குடிச்சாச்சு."

"மதினிக்கு?"

செண்பகம் முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். பேசுவதற்கு முதலில் மூச்சு வர வேண்டியிருந்தது.

"நான் இப்பத்தான் வந்தேன் சாமி."

அவள் நிமிர்ந்தாள்.

"நான் எப்பவுமே இப்பத்தான் வந்தேன். ஏத்தத்துக்கு ஏத்தம் இவுக மேல நிப்பாக. தண்ணி குடிச்சு, மலையைப் பாத்து, வேர்வையெல்லாம் காஞ்சு, கல்யாண வீட்டு வாசல்ல நிக்க மாதிரி சாவகாசமா நிப்பாக. நான் நாக்குத் தள்ளிப் போயிச் சேருவேன். உடனே வண்டியில ஏறிருவாக. ஒன்பது வருஷமா அந்த மேக்கரை மலையை நான் நின்னு பாத்ததில்ல சாமி. அதுல மேகம் இறங்குமாமே. இவுக சொல்லித்தான் தெரியும்."

நயினார் தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். அது பாதிக்குமேல் காலியாக இருந்தது.

"இதை நீ சொல்லவே இல்லையே."

"சொல்ல மூச்சு வேணும்லா?"

"வீட்டுக்கு வந்து சொல்லிருக்கலாம்லா?"

"வீட்டுக்கு வந்தா பசிக்கி. சாப்பிட்டா மறந்துபோகுது. அடுத்த ஏத்தத்துலதான் ஞாபகம் வருது. அப்பத்தான் மூச்சு இல்லையே."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நயினாருக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டிலை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மிச்சத்தையும் குடித்தாள். இருவரும் களத்தின் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மூச்சு மெதுவாக அடங்குவதை அவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது அடங்க இவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இதற்குள் சாமியை இருவரும் மறந்துபோனார்கள். நிமிர்ந்து பார்த்தபோது சைக்கிள் களத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே சாமி இருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏங்க, சாமி ஓட்டுதாரு."

"ஆமா, ஓட்டுதாரு."

சாமி களத்தைச் சுற்றி வந்தார். வந்தவர் நிற்கவில்லை. நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

"பிரேக்கைப் பிடிங்க சாமி," என்றார் நயினார்.

"எங்க இருக்கு?"

"கையில இருக்கு."

"கையில நெறைய இருக்கே அண்ணாச்சி. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே சாமி கடந்துபோனார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை நயினாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் அவர் சொன்னார்:

"இனிமே நான் முன்னால போகல. உன் பின்னாலயே மெதுவா வாரேன்."

"ஒண்ணும் வேண்டாம். பின்னால வந்தா யாரோ விரட்டுத மாதிரி இருக்கும்."

"அப்ப பக்கத்துல வாரேன்."

"பஸ்காரன் ஏசுவான்."

"பொறவு என்னதான் செய்யச் சொல்லுத?"

செண்பகம் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க ஏத்தத்துல எந்திரிச்சு நின்னு மிதிப்பியள்லா, அதைப் பின்னால இருந்து பாத்துக்கிட்டு வாரதுதான் எனக்கு இதுல பிடிச்சதே. அதையும் நிறுத்திட்டா நான் எதுக்கு வரணும்?"

இதையும் அவள் அதற்குமுன் சொன்னதில்லை. நயினாருக்குக் காது சூடானது. எழுந்துவிட்டார். சந்தோஷமாகவும் இருந்தது, ஒன்றும் புரியவும் இல்லை. சாமி அடுத்த சுற்று வரும்வரை பொறுத்திருந்து கேட்டார்.

"சாமி, நான் வேகமாப் போகணுமா, வேண்டாமா?"

சாமி கடந்துபோய்விட்டார். ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார்.

"போங்க," என்றார்.

நயினார் சைக்கிளின் பின்னாலேயே ஓடினார்.

"போயிட்டுக் காத்திருக்கவா, வேண்டாமா?"

"காத்திருங்க," என்று சாமி திரும்பாமலே சொன்னார். திரும்பினால் விழுந்துவிடுவார்.

"அதைத்தான சாமி ஒன்பது வருஷமாச் செய்யுதேன். அதுக்குத்தான இவ கோவப்பட்டா."

நயினாருக்கு மூச்சு வாங்கியது. ஓட முடியாமல் மனைவி பக்கத்தில் வந்து நின்றார். சாமி களத்தின் மறுகோடி வரை போய், கரண்டுக் கம்பத்தை எப்படியோ சுற்றிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடித் திரும்பி வந்தார்.

"இதுவரைக்கும் காத்திருந்தது மதினி வாரதுக்கு முந்தி, அண்ணாச்சி," என்றார். "இனிமே வந்த பொறவு காத்திருங்க."