கருவிக்கு ஒரு சொல்

மலையடிவாரத்தில் வேலம்மை ஓர் இல்லம் நடத்திவந்தார். பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் புத்தி தடுமாறி அலைந்தவர்களைப் போலீசார் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். தாமாக வந்து சேர்ந்தவர் கோமதிநாயகம் ஒருவர்தான். மனைவி இறந்த பிறகு, வேலம்மையைக் குருவாக வரித்துக்கொண்டு வந்தார். வயதில் குருவைவிட மூத்தவர்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பதால் இல்லத்தின் இணையப் பக்கத்தை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அங்கே இருப்பவர்களின் படமும் பெயரும் அதில் இருக்கும். சொந்தக்காரர் யாராவது எங்கிருந்தாவது பார்த்துவிட்டுத் தேடி வரமாட்டார்களா என்று ஒரு நம்பிக்கை.

ஒரு நாள் ஒருவர் வந்தார். தலை மொட்டை. பெயர் ஏழுமலை என்றார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“எங்க அக்காவ எங்க சார் எரிச்சீங்க? ரவ சாம்பல் இருந்தா குடுங்க.”

“எந்த அக்கா?” என்றார் கோமதிநாயகம்.

“அஞ்சலை.”

அஞ்சலை அப்போது கிணற்றடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாயகம் சந்தோஷத்தில் கையை நீட்டிக் காட்டிவிட்டார். ஏழுமலை பார்த்தார். பார்த்தவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் ஒரு பையன் போனில் அக்காவின் படத்தைக் காட்டியிருக்கிறான். அறுப்பு முடியட்டும், போய் அழைத்து வரலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறார்கள். மறுபடி பார்த்தபோது படம் இல்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால், நம்பரும் அந்தப் பக்கத்துக்குள்தான் இருந்தது; இல்லம் இருக்கும் இடம் மட்டும்தான் பையனுக்கு நினைவிருந்தது. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால்தான் படத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

நாயகம் அங்கேயே போனைத் திறந்து பார்த்தார். பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

“கருமாதி முடிச்சிட்டேன் சார்,” என்றார் ஏழுமலை. “கருமாதி ஆனவங்கள மறுபடி வாசப்படி ஏத்தக் கூடாதும்பாங்க. வூட்ல கட்டிக் குடுக்கற வயசுல பொண்ணு இருக்குது.”

அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

மாலைக்குள் நாயகம் பக்கத்தைச் சரிசெய்துவிட்டார். மறுநாள் காலை குருவைத் தேடிச் சமையல்கட்டுக்கு வந்தார். வேலம்மை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு கருவி வேணும். பக்கம் தெரியாமப் போனா உடனே நமக்குச் சொல்ற கருவி. மூணு பார்த்து வச்சிருக்கேன். எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“நானா? ஒரு மிக்ஸி வாங்கவே எனக்கு நாலு பேர் கூட வரணும்.”

நாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

“முதல் கருவி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் நம்ம பக்கத்தைக் கூப்பிட்டு ‘இருக்கியா’ன்னு கேக்கும். காசு கிடையாது. ரெண்டாவது நிமிஷத்துக்கு ஒரு தரம் கேக்கும். பதில் வரலேன்னா எனக்கு போன் அடிக்கும்.”

“யாரு பதில் சொல்றது?”

“சர்வர். நம்ம பக்கம் குடியிருக்கிற கம்ப்யூட்டர்.”

“பக்கம் வெள்ளையாக் கிடந்தப்போ அது என்ன சொல்லியிருக்கும்?”

நாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“இருக்கேன்னுதான் சொல்லியிருக்கும்மா. அது நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. பக்கத்துக்குள்ளதான் ஒண்ணும் இல்ல.”

“மூணாவது?”

“அது வாய்ப்பேச்சை நம்பாதும்மா. நாம ஒரு சொல்லைக் கொடுத்துடணும். நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே வந்து அந்தச் சொல்லைத் தேடும். கண்டாத்தான் விடும். காணலேன்னா என்னை எழுப்பிடும்.”

“கெட்டிக்காரக் கருவி.”

“முன்னாடியே வாங்கியிருக்கணும். வாங்கியிருந்தா...”

அப்போது அஞ்சலை ஆய்ந்த கீரையோடு உள்ளே வந்தாள். நாயகத்தைப் பார்த்ததும், தினமும் காலையில் கேட்பதைக் கேட்டாள்.

“சாரே, எம் படம் இருக்குதா?”

“இருக்கும்மா, இருக்கு.”

வேலம்மையின் கை வெங்காயத்தில் அப்படியே நின்றது.

“பார்த்தீங்களா?”

“எதைம்மா?”

“இருக்குன்னு சொன்னீங்களே. பார்த்தீங்களா?”

போன் சட்டைப்பைக்குள் இருந்தது. நாயகம் அதைத் தொடவேயில்லை. பக்கம் வெள்ளையாகக் கிடந்த நாட்களிலும் அஞ்சலை ஒரு நாள் தவறாமல் வந்து கேட்டாள். அப்போதும் இதையேதான் சொன்னார், இதே குரலில். இப்போதுதான் அது அவருக்கு உறைத்தது.

போனை எடுத்துத் திறந்தார். படம் இருந்தது. அஞ்சலை குனிந்து பார்த்தாள்.

“யாரு இது, கெழவியாட்டம்?”

“நீதாம்மா.”

“போ சாரே. இத வச்சி எந் தம்பி என்னிய கண்டுபுடிப்பானா?”

நாயகம் குருவைப் பார்த்தார். குரு தலை நிமிரவில்லை.

“கண்டுபிடிச்சிடுவாரும்மா.”

“பாத்திருப்பானா?”

“பார்த்துட்டாரு.”

“அப்ப வந்துருவான்,” என்றாள் அஞ்சலை. கீரையை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள். “தலைக்கு ஊத்திக்கணும். ஒரே சிக்கு.” வெந்நீர் கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாள்.

இருவரில் ஒருவரும் அவளைத் திருப்பிக் கூப்பிடவில்லை.

“ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிருக்கலாம் அந்த மனுசன்,” என்றார் நாயகம்.

“அழுது முடிச்சுட்டாரு. இன்னொரு தரம் அழத் தெம்பு வேணும்ல.”

“அம்மா, நான் போய் அவர் கால்ல விழட்டுமா?”

“விழுங்க. யாருக்காக விழுறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு விழுங்க.”

கொல்லையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. அஞ்சலை யாரிடமோ, தம்பி வருகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“படத்தை எடுத்துடட்டுமாம்மா? அவளைப் பார்க்க இனி யாரு வரப்போறா?”

“மூணாவது கருவியை வாங்குங்க,” என்றார் வேலம்மை.

“சரிம்மா. அதுக்கு ஒரு சொல் கொடுக்கணும். இல்லத்துப் பேரையே கொடுத்துடவா?”

“வேண்டாம். அஞ்சலைன்னு கொடுங்க. அவளைத் தேடுறதுக்கு அது ஒண்ணாவது இருக்கட்டும்.”