வால் எண்ணிய விரால்

விரால் வீரமுத்து வாயைத் திறந்தது. எதிரே தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாக நெளிந்துகொண்டிருந்தன. மழைக்காலத்தில் விராலுக்கு இதைவிட ருசியான காலைப் பலகாரம் கிடையாது.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"செல்லாயி! இங்க வா! இதுங்களுக்கு வால் இருக்கு, பாத்தியா?"

"பொறந்ததுல இருந்து இருக்கு. உங்களுக்கு இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" என்றது மனைவி விரால்.

"அடியே, இது பலகாரம் இல்ல. வாக்காளருங்க!"

வீரமுத்து இப்படிப் பதறியதற்குக் காரணம் இருந்தது. காட்டோரத்தில் இருந்த அந்தக் குளத்தில் இரண்டு வார்டுகள். வால் வீசி நீந்துகிறவர்கள் ஆழ வார்டு. கால் ஊன்றித் தாவுகிறவர்கள் கோரை வார்டு. குளத்து மன்றத்தில் மொத்தம் மூன்று இடங்கள். ஆள் அதிகம் என்று கோரை வார்டுக்கு இரண்டு கவுன்சிலர்கள். ஆழ வார்டுக்கு ஒரே ஒருவர். அது நம் வீரமுத்துதான்.

கோடை தொடங்கும் முன் காட்டுப்பன்றி வந்து குளத்தில் தண்ணீர் தேங்க ஒரு குழி தோண்டிக் கொடுக்கும். கூலியாகக் கோரைக்கிழங்கு வாங்கிக்கொள்ளும். எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டாவது குழிக்கு மூக்கை நீட்டாது. குழி எந்தப் பக்கம் என்று மன்றம் முடிவு செய்யும். கோரை வார்டின் இரண்டு தவளைகளும் ஒரு பக்கம், விரால் ஒரு பக்கம். குழி கோரைப் பக்கம் போய்விடும். போன கோடையில் ஆழ வார்டு வற்றிச் சேறானபோது வீரமுத்துவின் குஞ்சுகளில் பாதி பிழைக்கவில்லை. அந்தத் துக்கம் அதற்கு இன்னும் ஆறவில்லை. இந்த வருடத்துக் குஞ்சுகள் வயிற்றோரமாகச் சுற்றிவரும்போதெல்லாம் இவையாவது பிழைக்குமா என்று கவலைப்பட்டது.

கவலை நியாயமான கவலைதான். அதற்குக் கண்டுபிடித்த வழிதான் கொஞ்சம் கோணல்.

அன்றே ஆழ வார்டு முழுக்க உத்தரவு போனது. "இன்று முதல் யாரும் தலைப்பிரட்டையைத் தின்னக் கூடாது!"

"என்ன அநியாயம்! மழைக்காலமே இதுக்குத்தானே வருது!" என்று கெளுத்திகள் மீசை துடிக்கக் கத்தின.

"மக்கள்தொகையைத் தின்னாதீங்கப்பா! கணக்கெடுப்பு முடியற வரைக்கும் வாயக் கட்டுங்க!" என்றது வீரமுத்து.

மன்றத் தலைவர் ஆமை கணக்கெடுக்க வந்தது. வால் இருந்தவர்களை எல்லாம் ஆழ வார்டில் சேர்த்தது. சேர்க்கச் சேர்க்க வந்துகொண்டே இருந்தார்கள். ஆமைக்கே மூச்சு வாங்கியது.

"இனி ஆழ வார்டுக்கு இரண்டு இடம், கோரை வார்டுக்கு ஒன்று. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டது.

கிழத் தவளைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. தொண்டை உப்பச் சிரிப்பை அடக்கிக்கொண்டன.

"ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க! பேஷா எண்ணுங்க!"

வீரமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கால் இருந்திருந்தால் நிச்சயம் பாவியிருக்காது.

இரண்டு நாள் கழித்து ஒரு தலைப்பிரட்டை அதைத் தேடி வந்தது. மரகதம் என்று பெயர். வாலும் தலையுமாக, கடுகு போல இருந்தது.

"ஐயா, கரையோரத்துல பாசியே இல்லீங்க. நத்தைங்க வந்து வழிச்சுட்டுப் போயிடுது. எங்காளுங்க பசியில கெடக்கறாங்க. ஆழத்துல இருக்கற பாசியில கொஞ்சம் மேஞ்சுக்கலாமா?"

"பாக்கலாம், பாக்கலாம். மனு எழுதிக் குடு."

"எழுதறதுக்கு எங்களுக்குக் கை இல்லீங்களே!"

"அப்ப கை மொளைச்சதும் வா!" என்று சொல்லிவிட்டு வீரமுத்து தன் நகைச்சுவையைத் தானே ரசித்து விழுந்து விழுந்து சிரித்தது. மரகதம் திரும்பிப் போனது.

"அந்தப் புள்ளைக்கு ரெண்டு வாய் பாசி குடுத்தா நம்ம வார்டு கொறஞ்சா போயிடும்?" என்றது செல்லாயி.

"உனக்கு அரசியல் தெரியாது. கரையில இன்னும் முட்டைங்க பொரியாம கெடக்கு. அதுங்களும் பொரிஞ்சு வந்தா மூணு இடமும் நமக்குத்தான்! தேர்தலத் தள்ளி வெக்கச் சொல்லப் போறேன்."

"இருக்கறத வெச்சு இப்பவே முடிச்சுருங்க. குழிதானே வேணும்? அதுக்கு ரெண்டு போதாதா?"

கேட்டால்தானே! வீரமுத்து நேராக ஆமையிடம் போனது.

"தேர்தலைத் தள்ளி வைப்பதா? உட்காரும் ஐயா! எனக்கு இதைவிடப் பிடித்த வேலை உண்டா!" என்றது ஆமை. தள்ளி வைத்தது. பிறகு இன்னொரு முறை தள்ளி வைத்தது. அப்புறம் தள்ளி வைத்ததையே மறந்து ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

ஒருநாள் காலையில் வீரமுத்து தன் புதிய வாக்காளர்களைப் பார்வையிடப் போனது. எல்லோருக்கும் பின்னங்கால் முளைத்திருந்தது. சில நாளில் முன்னங்காலும் வந்தது. அப்புறம் வால் சுருங்கி, இருந்த இடமே தெரியவில்லை.

வீரமுத்து அலறி அடித்துக்கொண்டு ஆமையை எழுப்பியது.

"தலைவரே! அதுங்க எல்லாம் தவளைங்க! எங்க வார்டுல இருந்து உடனே நீக்குங்க!"

ஆமை கொட்டாவி விட்டது.

"எண்ணியது எண்ணியதுதான். எண்ணச் சொன்னதே நீர்தானே? தேர்தல் நாளை!"

வேறு வழி? வீரமுத்து துடுப்புகளைக் கூப்பிக்கொண்டு வீடு வீடாகப் போனது.

"என் கண்ணுங்களா! உங்களைத் தின்னாம விட்டது யாரு? நெனைச்சுப் பாருங்க!"

"தின்னாம விட்டதுக்கு ஓட்டா ஐயா?" என்றது ஒரு பச்சைத் தவளை. மரகதம்தான். "பசின்னு வந்தப்ப என்ன பண்ணீங்க?"

அந்தத் தேர்தலில் ஆழ வார்டின் இரண்டு இடங்களுக்கும் மரகதமும் அதன் தம்பியும் நின்றார்கள். இரண்டையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கெளுத்திகளில் பாதிப் பேரும் அவர்களுக்கே போட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பட்டினி போட்டவரை அவர்கள் எப்படி மறப்பார்கள்!

இப்போது மன்றத்தில் மூன்று இடங்களிலும் தவளைகள். ஒரு விரால் கூட இல்லை.

வெயில் ஏறியது. தண்ணீர் இறங்கியது. காட்டுப்பன்றி கரையில் வந்து நின்று உறுமியது. கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்கடியில் சேர்ப்பது போல, வீரமுத்து தன் குஞ்சுகளைத் துடுப்புக்கடியில் சேர்த்துக்கொண்டது. 'பாவி நான்! எதிராளியைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தேனே! இந்தக் குஞ்சுகளை என்ன சொல்லித் தேற்றுவேன்?' என்று வாய்விட்டு அழுதது.

அப்போது மரகதம் தண்ணீரில் குதித்து வந்தது. கிண்டல் செய்யத்தான் வருகிறது என்று வீரமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஐயா, பன்னி காத்திருக்கு. குழிய எந்த எடத்துல தோண்டினா குஞ்சுங்களுக்குத் தோதுப்படும்? வந்து காட்டுங்க."

வீரமுத்துவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"எங்க பக்கமா? நீ தவளையாச்சேம்மா!"

"தவளைதான். ஆனா ஜெயிச்சது ஆழ வார்டுல. எனக்கு ஓட்டுப் போடாதவங்களுக்கும் நான்தானே கவுன்சிலர்! தண்ணி வத்தினா நாங்க ஈர மண்ணுக்குள்ள பொதஞ்சுக்குவோம். நீங்க எங்க போவீங்க? கோரை வார்டு பெரியவர்கிட்டயும் பேசிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

வீரமுத்து முன்னால் நீந்திப் போய், குளத்தின் தாழ்ந்த இடத்தைக் காட்டியது. பன்றி மூக்கை மண்ணில் நுழைத்தது. கலங்கிய தண்ணீர் மெல்ல மெல்லக் குழிக்குள் இறங்கித் தேங்கியது. குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் பாய்ந்தன.

அவற்றைப் பார்த்தபடி வீரமுத்து சொன்னது: "இப்படி வந்து கேக்கறதுக்குத்தானேம்மா என்னைய மன்றத்துக்கு அனுப்பினாங்க! நான் எண்ணிக்கிட்டே இருந்துட்டேன்!"

மக்களை எண்ணிக்கைக்காக மட்டும் சேர்த்துக்கொண்டு அவர்கள் குறையைக் கேட்காத பிரதிநிதியை, அந்த எண்ணிக்கையே ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவிடும்.