எந்த கிட்டார் வாங்கலாம், மிஸ்?

பெரம்பூரில் ஒரு பேக்கரியின் மாடியில் டெல்ஃபின் மிஸ் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்திநான்கு. படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். வீட்டில் யார் பேச்சையும் கேட்காதவர்கள்கூட அந்த மாடிப்படி ஏறினால் சாதுவாகிவிடுவார்கள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்தாலும் யாரும் கிளம்ப மாட்டார்கள். கிட்டார்காரர்கள் நாலு பேர் கூடினால் வாசிப்பு கால் பங்கு, வாய் முக்கால் பங்கு. அன்றும் அப்படித்தான்.

"லெஸ் பால்தான் கிட்டார். மத்ததெல்லாம் பலகை" என்றான் ரூபஸ். கல்யாணக் கச்சேரிகளில் அந்த ரக எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவன். "ஒரு தடவை தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டு வரலாம். சத்தம் அங்கயே நிக்கும்."

"சத்தம் நிக்கும். தோள்பட்டை நிக்குமா?" என்றார் சம்பத். அவர் பல் டாக்டர். "அம்மிக்கல்லுல கம்பி கட்டின மாதிரி என்னா கனம்! அதுக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் தேவலாம். என்னைக் கேட்டா கரண்ட்டே வேணாம். மார்ட்டின் அக்கூஸ்டிக் ஒண்ணு போதும். மரம் பேசணும்யா."

"உங்க முன்னாடி வாயத் திறந்தா பல்லைப் பிடுங்கிடுவீங்கன்னு அது பேசாது டாக்டர்" என்றான் ரூபஸ்.

மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் யார் கட்சியிலும் சேரவில்லை.

மூலையில் தன் பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்த தணிகைவேல் எழுந்து வந்தார். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வண்ணம் அடிக்கும் பிரிவில் வேலை. தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர்.

"மிஸ், நான் புதுசா ஒரு கிட்டார் வாங்கணும். எது வாங்கலாம்?"

"இருக்கறதுக்கு என்ன சார் குறை?"

"சத்தம் பத்தலை மிஸ்."

ரூபஸ் விடுவானா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான்.

தணிகைவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்காக இல்லப்பா. என் வீட்டுக்காரிக்காக."

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வாசிப்பார், குமுதவல்லி பாடுவாள். போன வருஷம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. புண் ஆறிவிட்டது. டாக்டரும் பயமில்லை என்றுவிட்டார். ஆனால் பாட உட்கார்ந்தபோது மேலே போன குரல் நடுவில் உடைந்தது. இன்னொரு ஞாயிறும் உடைந்தது. அதோடு நிறுத்திவிட்டாள்.

"'நீங்க வாசிங்க, நான் கேக்கறேன்'ங்கிறா. பக்கத்துல உக்காந்து கேக்கவும் செய்யறா. பாட மட்டும் மாட்டேங்கிறா. வீடு வீடாவே இல்ல மிஸ்" என்றார் தணிகைவேல். "பின்னாடி சத்தம் கனமா இருந்தா அவளுக்கு ஒரு தெம்பு வரும். குரல் லேசா உடைஞ்சாலும் வெளிய தெரியாது. அதான்."

ரூபஸுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அண்ணே, என் லெஸ் பாலை எடுத்துட்டுப் போங்க. எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கங்க" என்றான். கட்டின மனைவியைக்கூட அந்த கிட்டாரைத் தொடவிடாதவன்.

"அது எதுக்கு அந்தம்மாவுக்கு? என் மார்ட்டினைத் தரேன்" என்றார் சம்பத்.

மிஸ் தணிகைவேலைப் பார்த்தார். "அடுத்த சனிக்கிழமை அக்காவைக் கூட்டிட்டு வாங்க சார். உங்க கிட்டாரையும் கொண்டு வாங்க."

அடுத்த சனிக்கிழமை குமுதவல்லி வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கழுத்துத் தழும்பு தெரியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவள் எதிரே லெஸ் பாலும் மார்ட்டினும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள்போல் பளபளவென்று நின்றன. மிஸ் இரண்டையும் தொடவில்லை.

"அக்கா, வீட்ல நீங்க பாடறதே இல்லையா?"

"இல்லீங்க டீச்சர்."

"முனகறதுகூடவா இல்ல?"

குமுதவல்லி கணவரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இவரு வேலைக்குப் போனப்புறம்... பாத்திரம் தேய்க்கறப்போ கொஞ்சம்."

தணிகைவேல் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இது அவருக்குப் புதுச் செய்தி.

"எங்க, அதே மாதிரி இப்ப முனகுங்க" என்றார் மிஸ்.

அவள் வெட்கப்பட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, மிகவும் கீழே, முனகினாள். மிஸ் தணிகைவேலின் கிட்டாரை மடியில் எடுத்து வைத்தார். காதை அவள் பக்கம் கொடுத்தபடி, முறுக்காணிகளைத் திருப்பி ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தத் தொடங்கினார்.

தணிகைவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மிஸ், நாங்க பாடற பாட்டு ஈ மேஜர்ல. இந்த கிட்டாருக்கு உயிரே அந்த சுருதிதான். விரலே வைக்காத கம்பிகூட கணீர்னு பேசும். இறக்கினா கம்பி தொங்கிடும் மிஸ்."

"தொங்கும்" என்றார் மிஸ்.

"தட்டினா கரகரங்கும்."

"கரகரங்கும்" என்று சொல்லி இன்னும் தளர்த்தினார்.

குமுதவல்லி முனகுவதை நிறுத்தினாள். "வேணாம் டீச்சர். அவரு சொல்றது சரிதான். அந்த கிட்டாரு அந்த சுருதியிலதான் அழகு. இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து கேக்கறேனே, எனக்குத் தெரியாதா? என் ஒருத்திக்காக அதைக் கெடுப்பானேன்னுதான் நான்..."

தணிகைவேலின் முகம் விழுந்துவிட்டது. மனைவியின் தொண்டையைச் சந்தேகப்பட்டார், மனத்தைச் சந்தேகப்பட்டார், கடைசியில் கிட்டாரையும் சந்தேகப்பட்டார். சுருதியை இறக்கலாம் என்று மட்டும் ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு.

மிஸ் கிட்டாரை நீட்டினார். "உங்க விரல் பழையபடியே போகட்டும் சார். வாசிங்க."

அவர் வாசித்தார். கம்பிகள் கட்டைமேல் உரசி அதிர்ந்தன. ரூபஸ் முகத்தைச் சுளித்தான். சம்பத்துக்கே பல்வலி வந்ததுபோல் இருந்தது.

குமுதவல்லி தயங்கினாள். ஒரு சுற்று அப்படியே போனது. இரண்டாம் சுற்றில் பாடத் தொடங்கினாள்.

பழைய குரல் இல்லை. அடியில் கொஞ்சம் மணல் இருந்தது. ஆனால் அது நின்றது. சரணத்தில் மேலே ஏறும் இடம் வந்தது. இருமுறை உடைந்த இடம். தணிகைவேல் கையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார். அவள் மூச்சு வாங்கியபோது அவரும் நின்றார். அவள் ஏறியபோது கூடவே போனார். குரல் உடையவில்லை. முந்தானை நழுவியதைக்கூட அவள் பார்க்காமல் பாட்டை முடித்தாள்.

ரூபஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தணிகைவேல் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ரெண்டு பாட்டு" என்றாள் குமுதவல்லி அவரிடம்.

அவர் தலையாட்டினார். எதிரே லெஸ் பாலும் மார்ட்டினும் இன்னும் பளபளவென்று நின்றன. கிட்டார்காரர் புத்தி எங்கே போகும்?

"அப்ப நான் எந்த கிட்டார் வாங்கட்டும், மிஸ்?"

"அக்கா பாடறப்போ உங்க கிட்டார் எப்படிக் கேட்டுச்சு சார்?"

தணிகைவேல் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார்.

"கவனிக்கலியே மிஸ்."

"அப்ப இதையே வெச்சுக்கங்க."