சாமிப் பிடி எடுத்த கை

திருப்புன்னைமேட்டில் நெல் அளந்து பிழைத்தவர் தில்லைக்கண்ணர். பண்ணையார் சேதுரத்தினத்தின் களத்தில் அறுப்பாட்களுக்குக் கூலி அளப்பது அவர் தொழில். மாலையானால் புன்னைவனநாதர் சந்நிதி விளக்குக்குத் திரி திரித்து எண்ணெய் வார்ப்பது அவர் தொண்டு. தொழில் வயிற்றுக்கு, தொண்டு உயிருக்கு என்று வாழ்ந்தவர். காணி நிலம் கிடையாது. கூரை வீடு ஒன்றும், குஞ்சம்மாள் என்னும் மனைவியும், ஈசன் திருப்பெயருமே அவர் சொத்து.

களத்து வழக்கப்படி முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்று கூவுவார்கள். தில்லைக்கண்ணரோ 'சிவலாபம்' என்று கூவி அளப்பார். அந்தக் குரல் கேட்டு, களத்தில் சண்டையிட்டவர்களும் சற்று வாய் மூடுவார்கள். பதர் ஒன்று கூட அவர் வீட்டுக்குப் போனதில்லை. அளவில் குறை வைத்தார் என்று எதிரியும் சொன்னதில்லை.

ஆனால் அளந்து கொட்டிய கூலியிலிருந்து ஒரு பிடி நெல்லைத் திரும்ப அள்ளி, ஓரத்தில் இருக்கும் பெட்டியில் போடுவார். அதற்குச் சாமிப் பிடி என்று பெயர். உச்சிக்காலப் படையலுக்கென்று காலங்காலமாக எடுத்து வந்தது. மற்ற அளவுகாரர்கள் விரலை மடக்கி அள்ளுவார்கள். தில்லைக்கண்ணரோ, 'ஈசனுக்கு எடுக்கையில் கை குறுகலாமா?' என்று விரல்களை அகல விரித்து, நெல் வழிய வழிய அள்ளுவார். அவருக்குப் பெரிய கை. அந்தக் கை நிறைகையில் அவர் நெஞ்சும் நிறையும்.

அந்த நெல் எங்கே போயிற்று? ஈசனுக்குச் சோறாயிற்று, உண்மை. ஆனால் கோயில் வாயிற்கல்லில் 'சேதுரத்தினம் கட்டளை' என்று செதுக்கியிருந்தது. படைத்த சோறு பட்டுத்துணி மூடிப் பண்ணை வீட்டுக்குப் போயிற்று. கொடுத்தவன் குடிசையில் கிடந்தான்; கொடுக்காதவன் பெயர் கல்லில் நின்றது! நெல்லைத் தந்த கீழத்தெருவாருக்குச் சட்டம் திறந்த கோயில் வாசலை வழக்கம் பூட்டியே வைத்திருந்தது. இவையெல்லாம் தில்லைக்கண்ணர் கண்ணில் பட்டவைதாம். பட்டும் உறைக்கவில்லை. விளக்கின் சுடரையே பார்த்திருந்த கண்களுக்கு, அதன் அடியில் இருந்த இருள் தெரியவில்லை.

அவ்வாண்டு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்குப் பண்ணையார் நின்றார். கீழத்தெருவார் முதன்முறையாக ஒன்றுகூடி, கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். சாமிப் பிடியை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களுக்காக வாய் திறந்தவர் காத்தாயி அம்மையார். கணவனை இழந்தவர், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஓர் அரிவாள், நாவில் நெருப்பு.

ஒருநாள் களத்தில் தில்லைக்கண்ணரின் கை தம் நெல்லில் இறங்கியபோது, அம்மையார் கூடையைச் சற்றே நகர்த்தினார்.

"லாபம் லாபம்னு கூவுறீங்களே சாமி, யாருக்கு லாபம்?"

"ஈசனுக்கு எடுக்கிறேன் காத்தாயி. வாயைக் கழுவு."

"ஈசனுக்குன்னா பண்ணையாரு குவியலு மலை மாதிரி கெடக்கே. அதுல எடுத்தா அவருக்குச் செரிக்காதா?"

களமே சிரித்தது. தில்லைக்கண்ணருக்குக் காது சிவந்தது. அன்று வேண்டுமென்றே இன்னும் அகலமாக அள்ளினார். அம்மையார் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, அழுத குழந்தையைத் தட்டியபடி நடந்தார்.

கோரிக்கை முற்றியது. கோயில் வாசலில் ஊர் கூடியது. கீழத்தெருவார் தேரடியில் எட்டி நின்றனர். பண்ணையார் எழுந்தார். கணக்குப் பேசினால் தோற்போம் என்று அறிந்தவர், ஆகையால் கடவுளைப் பேசினார்.

"கூலியைப் பத்திப் பேசலாம், தப்பில்லை. ஆனா சாமிப் பிடி என் சொத்தா? சிவன் சொத்து! நான் சொன்னா அரசியல்னு சொல்லுவீங்க. தில்லைக்கண்ணு சொல்லட்டும். அந்த ஆள் வாயில பொய் வராது. என்ன தில்லைக்கண்ணு, சாமிப் பிடி ஈசன் கட்டளைதானே?"

ஊர் முழுவதும் அவரைப் பார்த்தது. காத்தாயி அம்மையாரும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை; ஒரு வேண்டுதல் இருந்தது. 'இல்லை' என்றால் களத்து வேலை போகும்; பண்ணையார் கையில் உள்ள கோயிலில் விளக்குத் தொண்டும் போகும். 'ஆம்' என்று சொல்லவும் நா எழவில்லை. தில்லைக்கண்ணர் கண்ணை மூடிக்கொண்டு, "சிவ சிவா" என்றார்.

"கேட்டீங்களா! சிவனே சொல்லிட்டாரு!" என்று பண்ணையார் கை தட்டினார். ஊர் கை தட்டியது. கோரிக்கை அந்தக் கைதட்டலில் நசுங்கியது. சிவன் சொத்தைப் பழித்த குற்றத்துக்காகக் காத்தாயிக்கு இனி அறுப்பு இல்லை என்று தீர்ப்பாயிற்று.

வீடு திரும்பியவருக்குச் சோறு இறங்கவில்லை. குஞ்சம்மாள் தட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நீங்க பொய் சொல்லலை" என்றார்.

"ஆமாம்."

"சாமி பேரைச் சொல்லி, சும்மாவும் இருக்கலை."

அவ்வளவுதான் அந்த அம்மாள் சொன்னது. ஆயிரம் பேர் ஏசியிருந்தாலும் அவ்வளவு சுட்டிராது. ஈசன் திருப்பெயரை இத்தனை காலமும் மலராக ஏந்தியவர், அன்று அதைக் கேடயமாக ஏந்தி அதன் பின்னே ஒளிந்துகொண்டதை உணர்ந்தார். கையை நீட்டிப் பார்த்தார். எத்தனை அடுப்புகளிலிருந்து அள்ளிய கை! 'அகல விரித்தேனே, அகல விரித்தேனே' என்று உள்ளம் அரற்றியது. மறுநாள் மாலை விளக்குக்கு வார்த்த எண்ணெய் கல்லில் சிந்தியது.

அதற்கு அடுத்த நாள் காலை, வீட்டில் இருந்த அரிசியைத் துணியில் முடிந்துகொண்டு கீழத்தெருவுக்குப் போனார். காத்தாயி அம்மையார் அடுப்பில் நொய்க்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சியில் நொய்யைவிடத் தண்ணீரே மிகுதி. அம்மையார் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார். கஞ்சியை இறக்கினார். குழந்தைக்கு ஊற்றுமுன், ஒரு பூவரச இலையில் முதல் அகப்பையை வார்த்து, கோபுரம் தெரியும் திக்கில் வைத்துக் கும்பிட்டார்.

"அது யாருக்கம்மா?" என்று தில்லைக்கண்ணர் கேட்டார். 'அம்மா' என்ற சொல் அவரையறியாமல் வந்தது.

"யாருக்கு? ஒங்க ஆளுக்குத்தான். எங்க அம்மா காலத்துலேருந்து நடக்குது. உள்ள வுடலைன்னா என்ன, இங்கேருந்து குடுத்தா அவருக்கு எட்டாதா?"

தில்லைக்கண்ணர் நின்ற இடத்திலேயே அமர்ந்துவிட்டார். கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தவரிடம், ஈசன் பெயரால் பறித்திருக்கிறார்! எந்தக் குடிசையில் இறைவன் விருந்தாளியோ, அந்தக் குடிசைப் பானையிலேயே கைவைத்திருக்கிறார்! அரிசி முடிப்பை முன்னே தள்ளினார்.

"இதை எடுத்துக்கொள்ளுங்கள். என்னை மன்னித்துவிடுங்கள்."

அம்மையார் முடிப்பைத் தொடவில்லை.

"எடுத்ததை ஊர் பாக்க எடுத்தீங்க. குடுக்கறதை மட்டும் யாரும் பாக்காதப்ப குடுக்கறீங்க. வாணாஞ் சாமி. எடுத்துட்டுப் போங்க."

அன்று களத்தில் தில்லைக்கண்ணர் மரக்காலைத் தூக்கினார். முதல் ஆளுக்கு அளந்து கொட்டினார். கை வழக்கம்போல் நெல்லை நோக்கி இறங்கியது, பாதியில் நின்றது. அந்தக் கையைத் தலைக்குமேல் உயர்த்தி, களம் முழுதும் கேட்கச் சொன்னார்:

"ஊர்க்கூட்டத்தில் நான் சொன்ன சிவநாமம் பொய்ச்சாட்சி! சாமிப் பிடியை ஈசன் கேட்கவில்லை, நாங்கள் எடுத்தோம். படையல் வேண்டுமென்றால் பண்ணைக் குவியலிலிருந்து எடுக்கட்டும். உழைத்தவன் கூலியில் இனி என் கை விழாது. காத்தாயி அம்மாவின் வேலையைப் பறித்தது என் வாய். அந்தப் பழி என்னுடையது!"

பண்ணையார் நாற்காலியை விட்டு எழுந்தார். "என்னய்யா, சிவலாபம் போதலையா? எதிர்க்கட்சிக்காரன் எவ்வளவு லாபம் குடுத்தான்?"

"நட்டத்தைத்தான் சொல்ல வந்தேன் ஐயா. எல்லாம் என் நட்டம்."

"அப்போ மரக்காலைக் கீழே வை. கோயில் பக்கமும் தலைகாட்டாதே. விளக்கேத்த ஊர்ல ஆளா இல்லை?"

மரக்கால் வேறு கைக்குப் போயிற்று. கோயில் வாசலில் காவல் நின்றது. 'அளவுகாரச் சாமி அரசியல் சாமியாயிட்டாரு' என்று கடைத்தெரு கைகொட்டியது. விளக்கு ஏற்றும் பொழுது வரும்போதெல்லாம், தில்லைக்கண்ணரின் விரல்கள் தாமாகவே வெறும் தொடையில் திரி திரித்தன. ஆனாலும் அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. 'இது தண்டனை அல்ல. என் கையை ஈசன் கழுவுகிறான்' என்றார்.

ஆனால் புதிய அளவுகாரனும் சாமிப் பிடி எடுத்தான். அதைக் கண்ட கீழத்தெருவார் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பண்ணைக் களத்தை விட்டு வெளியேறினார்கள். ஆற்றுக்கு அக்கரையில், பிடி எடுக்காத நியாயக் கூலிக்கு அறுக்கப் போனார்கள். சேதுரத்தினத்தின் கதிர்கள் முற்றித் தலை சாய்ந்து நின்றன. தில்லைக்கண்ணரும் ஓர் அரிவாளோடு அக்கரைக்குப் போனார்.

அவரைக் கண்டதும் அறுப்பாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "பாத்துச் சாமி, நெல்லுன்னு நெனச்சு வெரலை அறுத்துக்காதீங்க" என்றது ஒரு குரல். அவர் அறுத்துக்கொள்ளவே செய்தார். அளந்தே பழகிய கை, அரிவாளுக்குப் புதிது. இடக்கை விரலில் வழிந்த குருதியைக் கண்டு காத்தாயி அம்மையார் தம் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னும் கோவமா அம்மா?"

"கோவம் போச்சு. மறக்கத்தான் முடியலை."

"எனக்கும்தான்" என்றார் தில்லைக்கண்ணர்.

உச்சிப்பொழுது. புன்னை நிழலில் எல்லோரும் கஞ்சிக்கு உட்கார்ந்தார்கள். அப்போது வரப்பின்மேல் ஒரு பரதேசி வந்தார். புழுதி படிந்த சடை, இடுப்பில் கந்தல், கையில் திருவோடு. வந்தவர் யாரிடமும் கேளாமல் காத்தாயி அம்மையாரின் அருகே சம்மணமிட்டு அமர்ந்தார்.

"பசிக்குது. ஊத்தச் சொல்லு" என்று அம்மையாரிடம் சொல்லி, தில்லைக்கண்ணரைக் காட்டினார்.

தில்லைக்கண்ணர் கைகளைப் பின்னே மறைத்துக்கொண்டார். "ஐயா, இது பிறர் கூலியை அள்ளிய கை. இந்தக் கையால் வார்த்தால் கஞ்சியும் கறைபடும். அம்மா ஊற்றட்டும்."

பரதேசி அம்மையாரைப் பார்த்தார். "பானை ஒன்னோடது. நீ சொல்லு தாயே. இந்தக் கையால வாங்கிக் குடிக்கலாமா?"

மன்னிக்க வேண்டியது கோயிலா, ஊரா, பண்ணையாரா? இல்லை. இழந்தவர் எவரோ, அவரே மன்னிக்க வேண்டும். இறைவனும் அவரை முந்திக்கொண்டு மன்னிக்க மாட்டான். காத்தாயி அம்மையார் அகப்பையைப் பார்த்தார். துணி கட்டிய விரலைப் பார்த்தார். பிறகு அகப்பையை எடுத்துத் தில்லைக்கண்ணரின் கையில் கொடுத்தார்.

"ஊத்துங்க சாமி. கைதான் பெருசாச்சே, தாராளமா ஊத்துங்க."

எல்லோரும் சிரித்தார்கள்; தில்லைக்கண்ணர் அழுதார். அழுதுகொண்டே வார்த்தார். பரதேசி கடைசிச் சொட்டுவரை குடித்து, ஏப்பமிட்டு, வரப்பில் இறங்கிக் கதிர்களுக்கிடையே போய் மறைந்தார்.

அவர் போன சிறிது நேரத்தில், ஆற்றைக் கடந்து, வேட்டி நனைய, மூச்சிரைக்க ஓடிவந்தார் கோயில் பூசை செய்யும் சபேசக் குருக்கள். வாழ்நாளில் சேற்றில் கால் வைத்தறியாதவர், கணுக்கால் புதைய வயலுக்குள் இறங்கினார்.

"தில்லைக்கண்ணு! உச்சிக்காலப் படையலைத் தூக்கிண்டு போறேன், கர்ப்பக்கிருகக் கதவு திறக்கலை. சாவி திரும்பறது, கதவு அசையலை. உள்ளேருந்து குரல் கேக்கறது அப்பா, என் காதால கேட்டேன்! 'இங்கே யாரும் இல்லை. நான் அக்கரையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன். தில்லைக்கண்ணன் வார்க்கிறான்' என்று! நீ வந்தாத்தான் கதவு திறக்கும்போல இருக்கு. வா, வா!"

தில்லைக்கண்ணர் எழவில்லை. "என்னை மட்டும் அழைத்தால் வரமாட்டேன் சுவாமி. அவன் இவர்கள் பானையில் அல்லவா குடித்தான்? கதவு யாருக்காகப் பூட்டியிருக்கிறது என்று தங்களுக்கே தெரியும்."

குருக்கள் தலை குனிந்தார். சேற்றில் புதைந்த தம் கால்களைப் பார்த்தார். பின் நிமிர்ந்து, "எல்லாரும் வாங்கோ" என்றார்.

கீழத்தெருவார் ஆற்றைக் கடந்து ஊருக்குள் வந்தார்கள். காவல் நின்றவன் விலகினான். பண்ணையாரும் ஒதுங்கினார். குழந்தையை இடுப்பில் தூக்கிய காத்தாயி அம்மையார் முதற்படியில் கால் வைத்தார். கதவு திறந்தது.

தேர்தலில் பண்ணையார் தோற்றார் என்று சொல்ல நமக்கும் ஆசைதான். அவரே வென்றார், பணம் வென்றது. ஆனால் முற்றிய கதிரை அறுக்க ஆளின்றி, நியாயக் கூலிக்கு அவர் தாமே இணங்கினார். உழைத்தவர் கூடையில் மீண்டும் கை வைக்கத் திருப்புன்னைமேட்டில் எவனும் துணியவில்லை.

அன்று கோயிலுக்குள் அத்தனை பேரும் நுழைந்து முடியும்வரை தில்லைக்கண்ணர் வாசலிலேயே நின்றார். இறைவனே தம் பெயரைச் சொல்லியும், அவர் முன்னே நடக்கவில்லை. கடைசி ஆளாகத்தான் உள்ளே போனார். குற்றம் செய்யாதவரை உலகம் போற்றும். செய்த குற்றத்தை ஒளிக்காமல் ஊரறியச் சுமந்து, இழந்தவர் வாசலில் காத்து நின்ற தில்லைக்கண்ணரின் திருவடிகளை நாம் போற்றுவோம்.