லைவில் ஒரு நீச்சல்

வற்றிப்போன ஏரியை வளைத்து பிளாட் போட்டார் எம்.எல்.ஏ. ஏகாம்பரம். கரையோரம் ரீசார்ஜ் கடை வைத்திருந்த பூங்காவனம் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி ஊரையே திரட்டிவிட்டாள். விடுவாரா? ஆள்படையோடு கடைக்கே வந்து நின்றார்.

"இங்க ஏரியே இருந்ததில்ல. இருந்துச்சுன்னு இப்பவே நிரூபி. இல்ல, அந்தப் பக்கத்த அழி."

பூங்காவனம் செல்போனில் லைவ் போட்டாள். "ஊரே பாக்குதுங்கய்யா, நீங்களே சொல்லிடுங்க. ஆமா, உங்களுக்கு நீச்சலே தெரியாதாமே?"

"எவன் சொன்னான்?" மீசை துடித்தது. "பள்ளிக்கூடம் விட்டா நேரா தண்ணிதான். அதோ, அந்தப் புளியமரத்தடியில பையை வீசிட்டுக் குதிச்சேன்னா, அல்லிப்பூவும் கையுமா அக்கரையிலதான் ஏறுவேன். அந்தத் தண்ணியோட குளிர்ச்சி இருக்கே..." அவர் குரல் இளகிவிட்டது.

"அந்த அக்கரை," என்றாள் பூங்காவனம், "இப்ப எத்தனாவது பிளாட்டுங்கய்யா?"