பின்னால் பார்க்காமல் உட்கார்ந்த ராஜா

பவழமேடு என்ற நாட்டை வச்சிரபாகு என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். ஆனால் ஓர் ஆசை வந்துவிட்டால் அது நிறைவேறும் வரை அவருக்குச் சோறு இறங்காது. அந்த வருஷம் வந்த ஆசை, கடல் தாண்டிப் போய் மணித்தீவின் திருவிழாச் சந்தையை வேடிக்கை பார்ப்பது.

"படை வேண்டாம், பல்லக்கு வேண்டாம். சாதாரண மனிதனாகச் சுற்றிப் பார்க்கவேண்டும். துணைக்கு நீ மட்டும் வா" என்றார் நல்லபெருமாளிடம். அரசவையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போனவர் இந்த நல்லபெருமாள்.

அவருக்கு இதில் ஓர் ஆபத்து தெரிந்தது. பவழமேட்டின் முத்துத்துறைமேல் மணித்தீவு ராஜாவுக்கு வெகுநாளாக ஒரு கண். வச்சிரபாகு அவன் கையில் சிக்கினால் அந்தத் துறையை எழுதி வாங்காமல் விடமாட்டான். போதாக்குறைக்கு மகாராணி வேறு நல்லபெருமாளைத் தனியே கூப்பிட்டு, "போனவர் போனபடியே திரும்பி வரவேண்டும். இல்லையென்றால் நீர் திரும்பி வரவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

கப்பலிலேயே பாடம் ஆரம்பமாயிற்று.

"மகாராஜா, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். யாரோடும் வம்பு வேண்டாம். ஊரார் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். அங்கே நான் தங்களை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன்."

ராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மோதிரம் போயிற்று, பட்டு போயிற்று, முரட்டு வேட்டி வந்தது. பார்த்தால் அசல் வெல்ல வியாபாரி.

கழற்ற முடியாத ஒன்று மிச்சம் இருந்தது. சந்தையில் இறங்கிய பிறகுதான் அது நல்லபெருமாளுக்கு உறைத்தது. பிறந்தது முதல் ராஜா பின்னால் திரும்பிப் பார்த்து உட்கார்ந்ததில்லை. அவர் முழங்காலை மடக்கினால் யாராவது ஓடிவந்து ஆசனம் போடுவார்கள். பிறகு எதற்குத் திரும்பவேண்டும்?

வளையல் கடை எதிரில் ராஜா காலை மடக்கினார். நல்லபெருமாள் பாய்ந்து ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார். கோயில் வாசலில் மடக்கினார். நல்லவேளை, அங்கே ஒரு கல் கிடந்தது. மிட்டாய்க் கடையருகே ஒன்றும் கிடைக்காமல் நல்லபெருமாள் தாமே குனிந்து முதுகைக் கொடுத்தார்.

"இந்த ஊர் ஆசனத்தில் எலும்பு அதிகம்" என்றார் ராஜா.

முதுகைத் தடவிக்கொண்டே நல்லபெருமாள் இளநீர் வாங்கத் திரும்பினார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் சடசடவென்று சத்தம். ராஜா பானைக் கடையின் நடுவே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒரே ஓட்டாஞ்சில்லு. எழுந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் தொல்லை அதோடு தீர்ந்திருக்கும். மனிதர் கையைத் தட்டி, "யாரங்கே?" என்றார்.

வந்தவன் சந்தையின் காவல் தலைவன். ராஜாவை மேலும் கீழும் பார்த்தான்.

"பின்னால் பார்க்காம உட்கார்றவன் ஒண்ணு குடிகாரனா இருக்கணும், இல்லே ராஜாவா இருக்கணும். இவர்கிட்டே கள்ளு வாடை இல்லையே. யாருய்யா இவர்?"

நல்லபெருமாள் இளநீரை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அதை ஏன் ஐயா கேக்கறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். "எங்க கூத்திலே ராஜா வேஷம் கட்டறவர். கட்டிக் கட்டி, மனுஷன் மாதிரி உட்காரவே மறந்துபோச்சு. அண்ணே, எழுந்திருங்கண்ணே."

அண்ணனோ, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்தார்.

"கூத்தாடியா? அப்போ இங்கேயே நடிச்சுக் காட்டட்டும். ராஜா வேஷக்காரர்னு நம்பினா விடறேன். ராஜாவேதான்னு பட்டா நேரே கோட்டைக்கு."

இதைவிட மோசமான சிக்கல் இருக்க முடியுமா? நடிக்காவிட்டாலும் ஆபத்து, நன்றாக நடித்தாலும் ஆபத்து. நல்லபெருமாள் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது. ராஜாவுக்கோ ஏக சந்தோஷம். தினமும் செய்கிற வேலைதானே. கவிழ்த்த உரல்மேல் அமர்ந்து, சபையில் எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தார். கொட்டாவி விட்டார். காதைக் குடைந்தார்.

"என்ன விசேஷம்? மழை பெய்ததா?"

"பெய்தது மகாராஜா" என்றார் நல்லபெருமாள்.

"சரி. சமையல் ஆயிற்றா?"

பானைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன ராஜா? மாதம் மும்மாரி பொழிகிறதான்னு கணீர்னு கேக்க வேணாமா? மீசையைக்கூட முறுக்கக் காணோம். பந்தியிலே இடம் பிடிக்க வந்தவராட்டம் குந்தியிருக்காரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. துள்ளி எழுந்தார்.

"நான்தான் பவழமேட்டு ராஜா வச்சிரபாகு. இது சத்தியம்."

நல்லபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். முத்துத்துறை போயிற்று. தாம் வீட்டுக்குப் போகிற வழியும் போயிற்று.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

"இந்த வசனம் பரவாயில்லை" என்றாள் பானைக்காரி. "ஆனா குரல்லே உண்மை இல்லே."

காவல் தலைவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "கூட்டிக்கிட்டுப் போய்யா. இவருக்கு ராஜா வேஷம் சரிப்படாது. வாயில்காப்போன் வேஷம் குடுத்துப் பாரு."

பானைக்கு விலையைக் கொடுத்துவிட்டு, நல்லபெருமாள் ராஜாவை இழுத்துக்கொண்டு கிளம்பிய முதல் கப்பலில் ஏறினார்.

ஊர் திரும்பிய பிறகும் ராஜாவுக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் நிறைந்த சபையில் எழுந்து நின்று கேட்டே விட்டார்.

"நல்லபெருமாள், என்னையும் காப்பாற்றினாய், முத்துத்துறையையும் காப்பாற்றினாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று புரியவில்லை. இங்கே நான் கொட்டாவி விட்டால்கூட 'என்ன கம்பீரம்' என்கிறீர்கள். அதே கொட்டாவியைத்தான் அங்கேயும் விட்டேன். ராஜா மாதிரியே இல்லை என்றார்களே, ஏன்?"

மந்திரிகள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நல்லபெருமாள் மட்டும் பணிவாகக் கை கூப்பினார்.

"மகாராஜா, அந்தச் சந்தையில் யாருக்கும் தாங்கள் சம்பளம் கொடுக்கவில்லையே."

ராஜா முறைத்தார். மீசை துடித்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். நல்லபெருமாளுக்கு இரண்டு கையும் கொள்ளாத அளவுக்கு முத்து அள்ளிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உட்காரப் போனவர், ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.